வாசித்துச் சொன்ன ஆறு எண்

அத்தியாயம் ஒன்பது

மருமகள் மேசைக்கடியில் மண்டியிட்டு, கம்ப்யூட்டரின் பின்புறத்திலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நீல வயர். கறுப்பு வயர். எதற்கென்று யாருக்குமே நினைவில்லாத ஒரு சாம்பல் வயர். கடைசி வயர் வந்த வேகத்தில் உச்சந்தலை மேசையில் இடித்தது. அதைத் தேய்த்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமில்லை.

"நின்னுடுச்சா?" என்று அடியிலிருந்தே கேட்டாள்.

மேலே நின்ற நாத்தனார் தன் போனைப் பார்த்தாள். "இல்ல அண்ணி. இப்பதான் இன்னொண்ணு வந்திருக்கு."

மருமகள் வெளியே வந்து போனை வாங்கினாள். நேற்றிலிருந்து மனப்பாடமாகிவிட்ட வாசகம்தான். 'உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவில் அவசரமாகக் கவனிக்க வேண்டிய மாற்றம் தெரிகிறது. முழு ரிப்போர்ட்டைப் பார்க்கக் கீழே தொடவும்.' அதற்குக் கீழே அவர்களுடைய லேபின் பெயர், அவர்களுடைய சிவப்புத் துளிச் சின்னம், அவர்களுடைய எண். எல்லாம் அவர்களுடையது. அனுப்பியது மட்டும் அவர்கள் இல்லை.

உயிரே இல்லாத கம்ப்யூட்டர் எப்படி மெசேஜ் அனுப்பும் என்று அவளுக்குப் புரியவில்லை. கையில் வயர்க் கொத்தோடு அப்படியே நின்றாள்.

போன அத்தியாயத்தின் முடிவில் லேப் வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்ற டீச்சரை மறந்திருக்க மாட்டீர்கள். சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர், இந்த மெசேஜைப் பார்த்ததும் பதறிப்போய்த் தொட்டுவிட்டார். ரிப்போர்ட் திறக்க ஏதோ ஒன்றை இறக்கிக்கொள்ளச் சொன்னதாம், இறக்கினார். இன்று காலை அவர் போன் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அவர் பெயரில் அதுவாகவே எல்லோருக்கும் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறது. வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் உட்பட.

ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர்களிடம் 'அவசரம்' என்று சொன்னால் யார்தான் தொடாமல் இருப்பார்கள்?

முன்னறையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். வழக்கமாக ஸ்பிரிட் வாசனையும் விசிறிச் சத்தமும் மட்டுமே இருக்கும் அறை. இன்று எல்லோர் கையிலும் போன், எல்லோர் முகத்திலும் ஒரே கேள்வி. மருமகள் ஒவ்வொருவர் போனாக வாங்கிப் பார்த்தாள். தொட்டவர்களிடம் முதலில் போனில் இணைய இணைப்பை அணைக்கச் சொன்னாள். வேறொருவர் போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். தொடாதவர்களிடம் தொடவே தொடாதீர்கள் என்றாள். சொல்லச் சொல்ல, தன் குரல் தனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

உள்ளறையில் மாமனார் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை கலவரத்திலும் அவர் எழுந்து வரவில்லை. அது ஒன்றும் புதிதில்லை. லேப் அவருடையது, அவர் கையால் உண்டானது. ஆனால் முன்னறை மனிதர்களுக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. அவருக்கு மனிதர்கள் கண்ணாடித் துண்டின்மேல் வந்தால்தான் பேச வரும்.

எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். வாயாடியான நாத்தனாருக்கு ஊர் வைத்த பெயர் குருவி. மருமகளின் கணவன் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருபவன்; அவனுக்கு ஊசி. மருமகளுக்கு மட்டும் இன்னும் யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் வைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அது நல்ல பெயராக இருக்கப் போவதில்லை.

ஏனென்றால் கம்ப்யூட்டர் அவள் கொண்டுவந்தது. ரிப்போர்ட்டுகளை எல்லாம் இணையத்தில் ஒரே கணக்கில் வைத்து, அங்கிருந்தே வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் அனுப்பலாம் என்று சண்டை போட்டு வாங்கியதும் அவள்தான். அன்றைக்குப் பெரியவர் கேட்ட ஒரே கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

"ரிப்போர்ட் பீரோவுல இருந்தா சாவி என் இடுப்புல இருக்கும். ஆகாசத்துல வச்சா சாவி யார் இடுப்புலம்மா?"

அன்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். வைரஸ் வந்தால்தான் இவரும் வருவார் என்பதால் குருவி அவருக்கு வைத்த பெயர் வைரஸ் அண்ணன். மூன்று வாரத்துக்கு முன்னால் குருவி லேப் கம்ப்யூட்டரில் ஓசிப் படம் பார்க்கப் போய், ஒரு மதியம் முழுக்கத் திரையில் சீட்டாட்ட விளம்பரமாக ஓடியதே, அன்று அதைத் துடைத்துக் கொடுத்தவர் இவர்தான்.

வந்தவர் பிடுங்கிக் கிடந்த வயர்களைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகி, அரை மணி நேரம் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"மேடம், இதுக்கு ஒரு நோயும் இல்ல. பாவம், நல்லா இருந்ததைப் போய்ப் பிடுங்கிப் போட்டிருக்கீங்க."

"அப்ப மெசேஜ் எங்கேருந்து போகுது?"

"உங்க கணக்குலேருந்துதான். ஆனா கணக்கு இப்ப உங்ககிட்ட இல்ல. நீங்க வீட்டுக் கதவைப் பூட்டிட்டு உட்கார்ந்திருக்கீங்க. திருடன் வீட்டுக்கே வரலையே. பீரோவைத் தூக்கிட்டுப் போயி அவன் வீட்ல வச்சிட்டான்."

வாடிக்கையாளர்களின் எண்கள், விலாசங்கள், வருஷக்கணக்கான ரிப்போர்ட்டுகள், எல்லாம் அந்தக் கணக்கில்தான். பாஸ்வேர்டு தனக்கு மட்டும்தானே தெரியும் என்றாள் மருமகள். அது தெரிய வேண்டியதே இல்லை என்றார் அவர். மறந்துவிட்டேன் என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; கணக்கில் பதிந்திருக்கும் போனுக்கு ஓர் எண் வரும்; அதைப் போட்டால் புதுப் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். அந்தப் போன் எங்கே?

அது முன்னறை மேசையில், பழைய தரைவழிப் போனுக்குப் பக்கத்தில், எப்போதும் சார்ஜில் கிடக்கும். லேபின் பொதுப் போன். வைரஸ் அண்ணன் எடுத்துத் தேடினார். நேற்று மதியம் சாப்பாட்டு வேளையில் வந்த ஒரு மெசேஜில் விரல் நின்றது.

ஆறு இலக்க எண் ஒன்று. அதற்குக் கீழே, 'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.'

"இதை யாரோ சொல்லியிருக்காங்க," என்றார். "அவன் தரைவழிப் போன்ல கூப்பிட்டிருப்பான். அதுல யார் கூப்பிட்டதுன்னு எண்ணே தெரியாது. 'உங்க செல்லுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க'ன்னு கேட்டிருப்பான். இங்கேருந்து யாரோ படிச்சிருக்காங்க."

மருமகளுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. வேறு எந்தக் கடையிலாவது, எந்த அலுவலகத்திலாவது என்றால் யாராவது ஒரு நொடி தயங்கியிருப்பார்கள். எதற்கு எண் கேட்கிறாய் என்று கேட்டிருப்பார்கள். இந்த லேபில் கேட்க மாட்டார்கள்.

இங்கே ஒவ்வொரு ரத்தக் குழாய்க்கும் ஆறு இலக்கம். போனில் யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது. இது பெரியவர் போட்ட சட்டம். ஒருத்தர் உடம்பு விஷயம் இன்னொருத்தர் காதில் விழக் கூடாது என்று லேப் திறந்த நாளிலேயே போட்டது. டாக்டர் கூப்பிட்டாலும், விசேஷப் பரிசோதனைகளுக்காக ரத்தம் அனுப்பி வைக்கும் பெரிய லேபிலிருந்து கூப்பிட்டாலும், முதலில் அவர்கள் கேட்பது 'நம்பர் சொல்லுங்க'. இவர்கள் செய்வது படித்துச் சொல்வது. ஒரு நாளில் எத்தனை முறை என்று யாரும் எண்ணியதில்லை. ஆறு இலக்கத்தைக் கண்டால் இந்த வீட்டில் எல்லோருடைய வாயும் தானாகத் திறந்துகொள்ளும்.

ரகசியத்தைக் காப்பாற்றப் போட்ட சட்டம்தான், ரகசியத்தை எல்லாம் தூக்கிக் கொடுத்திருக்கிறது.

கணக்கு நடத்தும் கம்பெனியைக் கூப்பிட்டாள். நீண்ட சங்கீதத்துக்குப் பிறகு ஒருவன் பேசினான். கணக்கை முடக்கி வைக்கலாம், விண்ணப்பம் போட்டால் சாயங்காலத்துக்குள் ஆகிவிடும் என்றான். ஆனால் ஒரு விஷயம் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த எண்ணைத் தவிர வேறு என்ன கொடுத்தீர்கள்? ஏதாவது இறக்கச் சொன்னானா, பிறந்த தேதி கேட்டானா, அம்மா பெயர் கேட்டானா? அந்தப் போனை எடுத்தவர் பேச வேண்டும் என்றான்.

வைரஸ் அண்ணனும் தலையாட்டினார். "அது தெரியாம பூட்டை மாத்தினா வேஸ்ட் மேடம். இன்னொரு ஓட்டை எங்க இருக்குன்னு தெரியணும். நாளைக்கே திரும்ப வந்து உட்கார்ந்துடுவான்."

மருமகள் மெதுவாகக் குருவியின் பக்கம் திரும்பினாள். முன்னறைப் போனை எடுப்பது குருவியின் வேலை.

"நான் இல்ல அண்ணி," என்றாள் குருவி, கேட்பதற்கு முன்னாலேயே.

அந்த நேரம் பார்த்து ஊசி உள்ளே வந்தான். ஒரு தோளில் குளிர்பெட்டி, ஒரு கையில் ஹெல்மெட். வழியெல்லாம் வீடு வீடாக நின்று, தொடாதீங்க தொடாதீங்க என்று சொல்லிவிட்டு வந்த களைப்பு. விஷயத்தைக் கேட்டதும் பெட்டியை இறக்கி வைத்தான். தங்கைக்கு விழுந்த திட்டை அப்படியே எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். படம் பார்த்து வைரஸ் கொண்டு வந்ததில் ஆரம்பித்து, பால் பொங்கி அடுப்பு நனைந்தது வரை எல்லாம் வந்தது.

"அன்னிக்கும் இதே மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான் நான் இல்லன்னு சொன்ன."

"அன்னிக்குப் பொய் சொன்னேன். இன்னிக்குச் சொல்லல."

"ரெண்டுக்கும் மூஞ்சி ஒரே மாதிரிதான் இருக்கு."

"நேத்து மதியம் நான் மாடியில சாப்பிட்டுட்டு இருந்தேண்ணா. அண்ணி பின்னாடி குழாய் கழுவிட்டு இருந்தாங்க. நீ ரவுண்ட்ஸ் போயிருந்த. முன்னாடி யாருமே இல்ல."

"அப்ப போன் தானே எழுந்து தானே பேசிடுச்சா?"

எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கும் குருவி, உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு, மேசைமேல் விழுந்தது. பஞ்சு எடுத்து அதைத் துடைத்தாள். லேப் பழக்கம்.

மருமகள் தற்செயலாக உள்ளறையைப் பார்த்தாள். பெரியவர் இன்னும் மைக்ராஸ்கோப்பில்தான் இருந்தார். ஆனால் திருகைத் திருப்பிக்கொண்டே இருக்கும் அவர் விரல்கள் நின்றுபோயிருந்தன. கடிந்து பேசினால் தாங்காத மகள், அதுவும் செல்லமாக வளர்த்த ஒரே மகள், முன்னறையில் அழுகிறாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

அவரிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. கேட்கத் தோன்றாது. அந்தப் போனை அவர் தொட்டு இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மருமகள் அவருக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்தாள். காலையில் வைத்தது பாதி குடித்தபடி ஆடை கட்டிக் கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடித் துண்டின் ஓரத்தில் எண் எழுதவில்லை. எண் எழுதாத ஸ்லைடு ஒன்றை அவர் கையில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சட்டையும் புதிது. வெயில் இப்படிக் காயும்போது முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்கப்பா என்று குருவி காலையில் கேலி செய்திருந்தாள்.

"கணக்கு திரும்பக் கிடைச்சிடுமாம்மா?" என்று கேட்டார், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முயற்சி பண்றோம் மாமா. போனை எடுத்தது யாருன்னு தெரிஞ்சா சீக்கிரம் முடியும்."

அவர் தலையசைத்தார். ஏதோ சொல்ல வருவதுபோல வாய் திறந்தது. பிறகு கை நீண்டு, பக்கத்திலிருந்த சென்ட்ரிஃப்யூஜை முடுக்கியது. ரத்தக் குழாய்களைச் சுழற்றும் அந்த இயந்திரம் கிளம்பினால் அந்த அறையில் யாரும் யாரிடமும் பேச முடியாது.

மத்தியானம் சாய்ந்தபோது தையல்காரப் பெண் வந்தாள். அடுத்த தெருவில் ஜாக்கெட் தைப்பவள். கழுத்தில் அளவு நாடாவோடே வந்திருந்தாள், அவிழ்க்க மறந்து. முன்னறையில் மற்றவர்கள் போகும்வரை சுவரோரமாக நின்றாள். பிறகு மருமகளிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"மெசேஜ் எனக்கும் வந்திச்சு. நான் தொடல."

"நல்லது. அழிச்சிடுங்க."

"அதுக்கில்ல." நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "போன மாசம் ஒண்ணு பார்த்துட்டுப் போனேனே. அது வீட்டுல யாருக்கும் தெரியாது. தெரியவே கூடாது. அது வெளிய போகாதில்ல?"

மருமகளுக்கு அந்த ரிப்போர்ட் நினைவிருந்தது. நினைவிருப்பதுதான் கொடுமையாக இருந்தது. போகாது என்று சொல்ல வாயெடுத்தாள். நேற்று வரை சொல்லியிருப்பாள். பெயரே போடாமல் எண் மட்டும் போட்டு வைப்போம், எங்கள் மாமனார் அதில் நெருப்பு மாதிரி என்று பெருமையாகச் சொல்லியிருப்பாள்.

"போகாம பார்த்துக்கறதுக்குத்தான் உட்கார்ந்திருக்கோம்," என்றாள்.

தையல்காரப் பெண் அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். அந்தப் பதிலின் அளவு எத்தனை என்று எடுத்துக்கொண்டது போலிருந்தது. பிறகு படியிறங்கிப் போனாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் தெரு முனை திரும்பியிருக்க மாட்டாள், மருமகளின் சொந்தப் போன் அதிர்ந்தது. தெரியாத எண்.

'உங்கள் கணக்கு என்னிடம் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் என்னோடு பேசுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவர் ரிப்போர்ட்டும் மற்ற எல்லோருக்கும் போகும். நம்பாவிட்டால் இதைப் பாருங்கள். காலையில்தான் வந்தது, மேலே இருந்தது.'

கூடவே ஒரு ரிப்போர்ட்டின் படம்.

பதில் போடாதீங்க, ஒரு எழுத்துக்கூடப் போடாதீங்க என்றார் வைரஸ் அண்ணன். பேச ஆரம்பித்தால் விட மாட்டான். அப்படியே வைத்திருங்கள், போலீஸுக்குக் காட்ட வேண்டும். ஊசி அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு சைபர் போலீஸுக்குக் கிளம்பினான். போகும்போது தங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்த சத்தத்திலேயே அவன் கோபம் தெரிந்தது.

மருமகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். திருடனுக்கு அது வெறும் காகிதம். அவளுக்கு அப்படி இல்லை. இத்தனை வருஷம் ரிப்போர்ட் அடித்து அடித்து அவளுக்கும் படிக்கத் தெரியும்.

பெரிய லேபின் தாள். பெயர், வயது இருக்க வேண்டிய இடங்களில் வெறும் கோடு. எண் மட்டும். நாலு, பூஜ்யம், இரட்டை ஏழு, ரெண்டு, ஒம்பது. அதற்குக் கீழே வெள்ளை அணுக்களின் வரிசையில் சிவப்பு எழுத்து. ஒரு வரியில் இல்லை, வரிக்கு வரி. இருக்க வேண்டியதைப்போல் எத்தனையோ மடங்கு. முற்றாத அணுக்கள், ரத்தத்தில் வரவே கூடாதவை, வந்து நிற்கின்றன. கடைசியில் ஒரு குறிப்பு: தாமதிக்காமல் ரத்தநோய் நிபுணரிடம் காட்டவும்.

குருவியைக் கூப்பிட்டுக் காட்டினாள். குருவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தாள்.

"நாலுல ஆரம்பிச்சா நாம பெரிய லேபுக்கு அனுப்பினது அண்ணி. ஆனா இந்த வாரம் நான் ஒண்ணுமே அனுப்பல."

"உங்கண்ணன்?"

"அவனும் இல்ல. அனுப்பினா என்கிட்டத்தான் குழாய் கேட்பான்."

"அப்ப இது யாரு?"

குருவி உதட்டைப் பிதுக்கினாள். உள்ளே சென்ட்ரிஃப்யூஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"யாரா இருந்தாலும் இன்னிக்கே ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கணும்," என்றாள் மருமகள். "இதோட நடமாடிட்டு இருக்காங்களே."

விநோதமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து அவள் பயந்ததெல்லாம், ஒருவர் ரகசியம் இன்னொருவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்றுதான். இப்போது யாரோ ஒருவருடைய மிகப் பெரிய ரகசியம் அவள் உள்ளங்கையில் கிடக்கிறது. சொந்தக்காரருக்கு இன்னும் தெரியாது. திருடனுக்குத் தெரியும்.

பெரிய லேபைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று தரைவழிப் போனில் கை வைத்தாள். வைத்த கைக்கடியிலேயே அது மணியடித்தது.

குருவி ஓரடி பின்வாங்கினாள். அந்தப் போனைப் பார்க்கவே அவளுக்கு இன்று பிடிக்கவில்லை.

மருமகள் எடுத்தாள். "யார் பேசறது? முதல்ல பேர் சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு பெண் குரல் சிரித்தது. பெரிய லேபின் ரிப்போர்ட் பிரிவு. வருஷக்கணக்காகப் பேசிப் பழகிய குரல், சந்தேகமே இல்லை. ஆனாலும் மருமகள் நம்பவில்லை. நானே திருப்பிக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த பழைய எண்ணைப் பார்த்துத் தானே சுழற்றினாள். அதே குரல்தான் எடுத்தது.

"என்ன மேடம், இன்னிக்கு இவ்வளவு கெடுபிடி?"

"கொஞ்சம் பிரச்சினை. சொல்லுங்க."

"காலையில உங்க கணக்குல ஒரு ரிசல்ட் போட்டோம். பார்த்துட்டீங்கன்னு காட்டுது. ஆனாலும் ஸார் போன்லயும் சொல்லணும்னு கேட்டிருந்தார், அதான். நேத்தே கூப்பிடறதாச் சொல்லியிருந்தோம். மெஷின் கோளாறு, முடியல. பாவம், காத்திருந்திருப்பார்."

"எந்த ஸார்?"

"உங்க பெரிய ஸார்தான். அவரே நேர்ல வந்து குழாயைக் கொடுத்துட்டுப் போனார். யாருக்கும் சொல்ல வேணாம், மதியம் சாப்பாட்டு நேரத்துல கூப்பிடுங்க, நானே போன் பக்கத்துல இருப்பேன்னார். இருக்காரா?"

மருமகள் ரிசீவரைக் கையால் பொத்தினாள்.

நேற்று மதியம். யாருமில்லாத முன்னறை. யாரும் பார்க்காதபடி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒரு மனிதர். மணியடிக்கிறது. 'லேபிலேருந்து பேசறோம் ஸார், ரிப்போர்ட் ரெடி, உங்க செல்லுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க.' திருடனுக்கு எதுவுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. லேப் என்றால் இன்னொரு லேபிலிருந்து போன் வரும் என்று யாருக்கும் தெரியும். அவன் குருட்டாம்போக்கில் எறிந்த கல். ஆனால் அந்தக் குரலுக்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார்.

சென்ட்ரிஃப்யூஜ் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரியவர் உள்ளறை வாசலில் நின்றார். நிலையைப் பிடித்திருந்த கையில் சட்டை மேலேறியிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக, யாரும் அடிக்காமலே கன்றிப்போன கருநீலத் திட்டுகள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும். தன் ரத்தத்தைத் தானே எடுத்துத் தானே ஒட்டிக்கொண்டது, கோணலாக இருந்தது.

"குருவியைத் திட்ட வேணாம்னு சொல்லும்மா அவன்கிட்ட," என்றார். "நேத்து போனை எடுத்தது நான்தான். வந்திருந்த நம்பரைப் படிச்சதும் நான்தான். வேற ஒண்ணும் கேட்கல, கொடுக்கல. அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட நானே சொல்றேன்."

"அப்பா," என்றாள் குருவி.

"காலையிலேயே சொல்லியிருக்கணும். சொன்னா எதுக்குப் போன் பக்கத்துல உட்கார்ந்தேன்னு கேட்பீங்க." அவர் மகளைப் பார்க்காமல் கையை நீட்டினார். "குடு."

மருமகள் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அப்புறம் பேசலாமே. முதல்ல உட்காருங்க."

"என்னோடதா இருக்காதும்மா, ஸ்லைடுல ஏதோ சாயக் கோளாறுன்னு மூணு நாளா என்னை நானே ஏமாத்திட்டு இருக்கேன். குடு."

அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. அதனாலேயே அவளால் மறுக்க முடியவில்லை. கொடுத்தாள்.

மறுமுனையில் அந்தப் பெண் உற்சாகமாக வணக்கம் சொன்னது வெளியே கேட்டது. பிறகு, சட்டம் சட்டம்தானே, அவரிடமும் அவள் அதையே கேட்டாள்.

"நம்பர் சொல்லுங்க ஸார்."

பெரியவர் எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் குழாய்களைப் பார்த்து எண் படித்த அதே குரலில், ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார்.

"நாலு. பூஜ்யம். ஏழு. ஏழு. ரெண்டு. ஒம்பது."

மருமகளின் இன்னொரு கையில், திருடன் அனுப்பிய படம் இன்னும் திறந்தே இருந்தது.